காற்றை அமுக்காத பெட்டி

'மேட் மேக்ஸ்' படத்தை அண்மையில்தான் பார்த்த ஒரு வாசகர் கேட்கிறார்: "அந்தக் கறுப்புக் காரின் பானெட்டைப் பொத்துக்கொண்டு ஒரு பெட்டி நிற்கிறதே, பொத்தானைத் தட்டியதும் அதன் பெல்ட் சுழன்று கார் பறக்கிறதே, அது என்ன? காயலான் கடையில் கிடைத்தால் வீட்டில் நிற்கும் அம்பாசடரில் மாட்டலாமா?"

கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். 1979இல் வந்த அந்த ஆஸ்திரேலியப் படத்தில் பெட்டி வெறும் ஒப்பனை. வெயண்ட் நிறுவனத்தின் 6-71 ரகப் பெட்டி மேலே உட்கார்ந்திருந்தது, உண்மைதான். ஆனால் அதன் பெல்ட்டைச் சுற்றியது ஒரு மின்மோட்டார். எஞ்சின் இழுத்த காற்றுக்கும் பெட்டிக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அசல் பெட்டியில் பெல்ட் நின்று நின்று ஓடாது. எஞ்சினின் கிராங்க் புல்லியிலிருந்து நேராக வருகிற பெல்ட் அது. எஞ்சின் ஓடும்வரை ஓடும். பாதியில் நிறுத்தினால் கார் மெதுவாகப் போகாது, மூச்சுத் திணறி நின்றுவிடும். எஞ்சினுக்குக் காற்று போக அந்தப் பெட்டியைத் தவிர வேறு வழி இல்லை. 1920களின் மெர்சிடிஸ் கார்களில் தேவைப்படும்போது மட்டும் கிளட்ச் வழியாகச் சுழலும் பெட்டி இருந்தது. அங்கே காற்றுக்குத் தனியாக இன்னொரு பாதை வைத்திருந்தார்கள். படக் காரின் பெட்டி அந்த வகை அல்ல.

நல்ல செய்தி என்னவென்றால், சினிமாப் பெட்டியைவிட உண்மையான பெட்டி சுவாரசியமானது. அது காருக்காகச் செய்யப்பட்டதல்ல, வேகத்துக்காகவும் அல்ல. பேருந்து, லாரி, போர்ப்படகு ஆகியவற்றின் டீசல் எஞ்சினிலிருந்து கழற்றப்பட்டது. அதைவிட வேடிக்கை, 'காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும் கருவி' என்று எல்லாரும் புகழ்கிற அந்தப் பெட்டி தன் வயிற்றுக்குள் காற்றைத் துளிகூட அமுக்குவதில்லை.

இந்தக் கதை நடந்த இடம் தெற்குக் கலிபோர்னியா. 1930களில் கையில் காசில்லாத இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களை வாங்கி, மட்கார்டு, கூரை, பானெட் என்று எடை கூட்டுவதையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, முரோக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் வற்றியபின் பல மைல் தூரத்துக்குச் சமதளமாகக் கிடக்கும் களிமண் தரை அது. இவர்களை ஒழுங்குபடுத்த 1937இல் தெற்குக் கலிபோர்னியா டைமிங் சங்கம் உருவானது. இப்படித் திருத்திய கார்களுக்குப் பெயர் 'ஹாட் ராட்'; அதே பெயரில் 1948 ஜனவரியில் ஒரு பத்திரிகையே வந்துவிட்டது.

கைச்செலவுக் கார் என்றால் கண்டதையெல்லாம் ஒட்டிய கார் என்று நினைக்கக் கூடாது. தேர்வு கறாரானது. உடல், ஃபோர்டு மாடல் டி அல்லது மாடல் ஏ. எடை குறைவு, விலை அதைவிடக் குறைவு. மாடல் டி மட்டுமே ஒன்றரைக் கோடி தயாரானதால் குப்பைமேடெங்கும் கிடைத்தது. சட்டகமும் எஞ்சினும் 1932 ஃபோர்டிலிருந்து. சாமானியர் வாங்கும் விலையில் வி-8 எஞ்சின் வந்த முதல் கார் அதுதான், 65 குதிரைத்திறன். கியர் பெட்டி 1939 ஃபோர்டிலிருந்து, அதற்குள் போடும் பல்சக்கரங்கள் லிங்கன் செஃபிர் காரிலிருந்து. ஃபோர்டு ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறியதே 1939இல்தான் என்பதால் பிரேக்கும் அந்த ஆண்டோ அதற்குப் பின்போ வந்த காரிலிருந்துதான் வர வேண்டும். போர் முடிந்ததும் பட்டியல் இன்னும் நீண்டது. பில் பர்க் என்பவர் 1946இல் பி-51 போர்விமானத்தின் கழற்றிவிடும் பெட்ரோல் தொட்டியைக் காசுகொடுத்து வாங்கி, அதையே கார் உடலாக்கி ஓட்டினார். காற்றைக் கிழித்துப்போக வடிவமைத்த தொட்டி, அதற்குச் சக்கரம் வைத்தால் கார். அதன் பெயர் தொட்டி என்பதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

அந்தக் கண்தான் ஜெனரல் மோட்டார்ஸின் 71 வரிசை டீசல்மீதும் விழுந்தது.

1938இல் வந்த இந்த டீசலுக்கு ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 71 கன அங்குலம், அதாவது 1.16 லிட்டர். மூன்று சிலிண்டர் என்றால் 3-71, ஆறு என்றால் 6-71. பேருந்துகளில் ஓடியது, லாரிகளில் ஓடியது. ஷெர்மன் பீரங்கி வண்டியின் ஒரு ரகத்தில் இரண்டு 6-71களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கடற்கரைகளில் படைவீரர்களை இறக்கிவிட்ட பலகைப் படகுகள் பலவற்றில் இதன் கடல்வகை ஓடியது. போருக்குப்பின் இந்த எஞ்சின்களும் உதிரிகளும் பழைய சாமான் சந்தையில் குவிந்தன.

இது இரண்டு-ஸ்ட்ரோக் டீசல். நான்கு-ஸ்ட்ரோக் எஞ்சினில் காற்றை உள்ளிழுக்க ஒரு முழு வீச்சும் புகையை வெளியேற்ற ஒரு முழு வீச்சும் உண்டு. இதில் இரண்டும் இல்லை. பிஸ்டன் கீழே வரும்போது சிலிண்டர் சுவரில் உள்ள துளைகள் திறக்கும். அந்தக் கணநேரத்துக்குள் புதுக்காற்று உள்ளே பாய்ந்து, எரிந்த புகையை மேலேயுள்ள வால்வுகள் வழியாக வெளியே தள்ளியாக வேண்டும். பிஸ்டன் உறிஞ்சாது. யாராவது ஊதித்தான் ஆக வேண்டும். அதற்காக எஞ்சினின் விலாவில் ஒரு பிளோயரை, அதாவது காற்றூதியை, பொருத்தினார்கள். பிளோயர் இல்லாமல் அந்த டீசல் ஸ்டார்ட்கூட ஆகாது. ஆக, பிறவியில் இந்தப் பெட்டி ஒரு புகைபோக்கும் கருவி. குதிரைத்திறனைக் கூட்டும் வேலை அதற்குத் தரப்படவே இல்லை.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது? அருகருகே இரண்டு சுழலிகள். ஒவ்வொன்றும் குறுக்குவெட்டில் மூன்று இதழ் உடையது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் சுழலும். ஒன்றின் இதழ் மற்றதன் பள்ளத்துக்குள் புகுந்து வெளிவரும், ஆனால் தொடாது. ஒரு முனையில் உள்ள கியர்கள் இரண்டையும் ஒரே தாளத்தில் வைத்திருக்கும். காற்று இவற்றின் நடுவே பிழியப்படுகிறது என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். நடுவில் காற்றுக்கு வழியே கிடையாது. காற்று போவது வெளிவிளிம்பில். பெட்டியின் சுவருக்கும் இரண்டு இதழ்களுக்கும் இடையில் சிக்கிய காற்று, மேலே எந்த அழுத்தத்தில் ஏறியதோ அதே அழுத்தத்தில் சுற்றிக்கொண்டு கீழே வந்து இறங்குகிறது. வழியில் அதன் இடம் குறையவில்லை. இடம் குறையாமல் ஏது அமுக்கம்?

அப்படியானால் எஞ்சின் வாயில் அழுத்தம் எப்படிக் கூடுகிறது? இந்த ஓர் இடத்தில்தான் நான் கொஞ்சம் உட்கார விரும்புகிறேன். ஒரு கல்யாண மண்டபத்துக்கு வாருங்கள்.

சாப்பாட்டுக் கூடம் எஞ்சின். ஒரு பந்திக்கு இத்தனை இலை என்பது கட்டிடத்தோடு தீர்மானமானது. சாதாரண எஞ்சினில் யாரும் யாரையும் தள்ளுவதில்லை. பந்தி எழுந்ததும் வெளியில் நிற்பவர்கள் தாமாக உள்ளே வருகிறார்கள். அவசரமாகப் பந்தி போட்டால் எல்லாரும் வந்து சேருமுன் சாதம் விழுந்துவிடும், சில இலை காலியாகவே கிடக்கும். எனவே கூடத்துக்கு முன்னாலுள்ள தாழ்வாரத்தின் வாசலில் பெண் வீட்டார் இரண்டு மாமாக்களை நிறுத்துகிறார்கள். இரண்டு பேரும் கைகளை வளைத்து, ஆளுக்கு ஒரு கைவளைவு விருந்தினரைச் சுவரோரமாக அணைத்துக் கூட்டிவந்து தாழ்வாரத்தில் விட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். கவனியுங்கள், மாமா யாரையும் நசுக்குவதில்லை. வாசலில் எவ்வளவு தாராளமாக நின்றார்களோ அவ்வளவு தாராளமாகத்தான் அவர் கைவளைவில் வருகிறார்கள்.

சிக்கல் தாழ்வாரத்தில். ஒரு பந்திக்கு மூன்று பேர்தான் உட்கார முடியும், மாமாக்கள் ஏழு பேரைக் கொண்டுவந்து விடுகிறார்கள். தாழ்வாரம் நிரம்பி வழிகிறது. அடுத்த தடவை மாமா தன் கைவளைவைத் தாழ்வாரத்தின் பக்கம் திறந்ததும் என்ன ஆகும்? ஏற்கெனவே நெருக்கியடித்து நிற்பவர்கள் அந்தத் தாராளமான இடத்தைப் பார்த்ததும் அதற்குள் பாய்வார்கள். மாமாவுடன் வந்தவர்கள் நசுங்குவது அந்தக் கணத்தில்தான், அவர்களை நசுக்குவதும் மாமா அல்ல, முன்பே வந்தவர்கள். பிறகு இந்த மொத்தக் கூட்டத்தையும் மாமா மார்பால் முட்டித் தாழ்வாரத்துக்குள் தள்ள வேண்டும். முதல் அடியிலிருந்தே முழுப் பலமும் தேவை.

இந்த வகைப் பெட்டிக்கு ரூட்ஸ் பிளோயர் என்று பெயர். அது செய்வது இதுவேதான். காற்றை அமுக்குவது பிளோயர் அல்ல. எஞ்சினின் தாழ்வாரமான மேனிஃபோல்டில் ஏற்கெனவே தேங்கி நிற்கும் காற்று பின்னோக்கிப் பாய்ந்து புதுக்காற்றை அமுக்குகிறது. எஞ்சின் விழுங்குவதைவிட அதிகமாகக் கொண்டுவந்து கொட்டுவதுதான் பெட்டியின் ஒரே சாமர்த்தியம். எஞ்சினை எடுத்துவிட்டு வாயைத் திறந்து வைத்தால், எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அது ஒரு பெரிய மின்விசிறியின் காற்றைத்தான் தரும், அழுத்தத்தைத் தராது.

கல்யாணத்தை இன்னும் கொஞ்சம் நீட்டலாம். இரண்டு மாமாக்களும் நடுவில் மார்போடு மார்பாக உரசாமல் திரும்ப வேண்டும். உரசினால் பங்காளிச் சண்டை. ஆகவே அவர்களைப் பின்னாலிருந்து பிடித்துத் தாளம் தவறாமல் திருப்புவது மாமிகள். பிளோயரில் அந்த வேலை கியருக்கு. உரசாமல் இருக்க விட்ட இடைவெளியில் சின்னப் பிள்ளைகள் நழுவி வாசலுக்கே ஓடிவிடுவார்கள்; அது கசிவு. மாமாக்கள் மெதுவாகச் சுற்றினால் நழுவுகிற பிள்ளைகளின் விகிதம் அதிகம், வேகமாகச் சுற்றினால் குறைவு. நெரிசலில் எல்லாருக்கும் வியர்த்துக் கொட்டுகிறது; அதனால்தான் வாசலிலேயே பன்னீர் தெளிக்கிறார்கள். வியர்வையும் பசியும் எல்லை மீறினால், பரிமாறி முடிக்கும் முன்பே எங்கோ ஒரு மூலையில் யாரோ அப்பளத்தை நொறுக்கத் தொடங்கிவிடுவார். எஞ்சின்காரர்கள் அதை 'நாக்கிங்' என்பார்கள். இதற்கு மேல் இழுத்தால் மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொள்வார்கள். வெளியே வருவோம்.

வியர்வை விஷயம் விளையாட்டல்ல, கணக்குக்கு உட்பட்டது. நல்ல அமுக்கி ஒன்று காற்றைச் சிறிது சிறிதாக இடம் குறைத்து அமுக்கும். ஆரம்பத்தில் லேசான தள்ளல், முடிவில்தான் பலமான தள்ளல். ரூட்ஸ் பெட்டிக்கு அந்தச் சலுகை இல்லை, தொடக்கம் முதல் முடிவுவரை முழு எதிரழுத்தத்தோடு மல்லுக்கட்டுகிறது. மேனிஃபோல்டு அழுத்தத்தை வெளிக்காற்றைப்போல் இரண்டு மடங்காக்க வேண்டுமென்றால், வெப்பம் வெளியே போகாத சிறந்த அமுக்கிக்குத் தேவையான வேலையைவிட ரூட்ஸ் பெட்டிக்கு ஏறத்தாழ 30 சதவீதம் அதிக வேலை தேவை. அந்த அதிக வேலை முழுவதும் சூடாகத்தான் மாறும். 30 டிகிரி செல்சியஸில் உள்ளே போகும் காற்று, சிறந்த அமுக்கியிலிருந்து 96 டிகிரியில் வெளிவந்தால், ரூட்ஸிலிருந்து 117 டிகிரியில் வரும். கசிவே இல்லாத கனவுப் பெட்டிக்கான கணக்கு இது.

சூடான காற்று விரிந்த காற்று. எனவே அழுத்தம் இரண்டு மடங்கானால் காற்றின் அளவும் இரண்டு மடங்காகாது. இந்தக் கணக்கின்படி 1.56 மடங்குதான். 'அழுத்தம் இரட்டிப்பு, ஆகவே குதிரைத்திறனும் இரட்டிப்பு' என்று யாராவது சொன்னால், அவர் தெர்மாமீட்டரைப் பார்க்கவில்லை என்று பொருள்.

இன்னொரு கணக்கு இதைவிட உறைக்கும். 6-71 பெட்டி ஒரு சுற்றுக்கு 411 கன அங்குலம், அதாவது 6.7 லிட்டர் காற்றைக் கடத்துகிறது. ஹாட் ராட்காரர்களின் செல்லமான 5.7 லிட்டர் ஷெவர்லே வி-8, நான்கு-ஸ்ட்ரோக் என்பதால், ஒரு சுற்றுக்கு அதில் பாதியைத்தான் விழுங்கும்: 2.87 லிட்டர். (மண்டபத்தில் மூன்றும் ஏழும் வந்தது இங்கிருந்துதான்.) இரண்டையும் ஒரே வேகத்தில், நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓட்டி, மேனிஃபோல்டில் 10 பி.எஸ்.ஐ. கூடுதல் அழுத்தம் நிற்பதாக வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 670 லிட்டரை அந்த அழுத்தத்துக்கு எதிராகத் தள்ள வேண்டும். பெருக்கிப் பார்த்தால் 46 கிலோவாட்டுக்கு மேல், அதாவது 60 குதிரைத்திறனைத் தாண்டுகிறது. உராய்வைச் சேர்த்தால் இன்னும் கூடும். முன்னே சொன்ன உதிரிப் பட்டியலில் இருந்த 1932 ஃபோர்டு எஞ்சினின் மொத்தத் திறனே 65. பெட்டியைச் சுற்றுவதற்கு மட்டுமே அந்த முழு எஞ்சினும் வேண்டும். அப்படிச் செலவழித்தும் லாபம் வருவது ஏனென்றால், கூடுதலாகப் போன காற்றோடு கூடுதல் பெட்ரோலை எரித்து நூற்றுக்கும் மேற்பட்ட குதிரைத்திறனை எஞ்சின் திருப்பித் தருகிறது. பெட்ரோல் மீட்டர் மட்டும் இந்த லாபத்தை ஒப்புக்கொள்ளாது.

வரலாறு வேண்டுமென்பவர்களுக்கு ஒரு பத்தி. இண்டியானா மாநிலத்தின் கானர்ஸ்வில்லில் கம்பளி ஆலை நடத்திய ஃபிலாண்டர், ஃபிரான்சிஸ் ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் இந்த அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார்கள். ஆரம்ப எண்ணம் ஆலைக்கு நல்ல நீர்ச்சக்கரம் செய்வது; கிடைத்தது காற்றூதி. இரும்பு உலைகள் அதை வாங்கிக்கொண்டன. 1870இல் நியூயார்க் நிலத்தடியில் ஆல்ஃபிரட் பீச் காட்டிய காற்றுவண்டியைத் தள்ளியதும் ஒரு ரூட்ஸ் இயந்திரம்தான். 1921இல் மெர்சிடிஸ் அதைக் காருக்குள் கொண்டுவந்தது. சென்னையின் பெரிய அடுக்குமாடிகளில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கும் அடித்தளத்தில் விடாமல் ஒரு ரீங்காரம் கேட்கிறதே, அங்கே தொட்டியின் அடியில் காற்றைச் செலுத்துவதும் பெரும்பாலும் இந்தக் குடும்பத்தின் இரண்டு-இதழ்ப் பிளோயர்தான். போதும்.

மறுபடி காயலான் கடைக்கு. டீசல் பிளோயரைக் கழற்றி வி-8 தலையில் வைத்துப் போல்ட்டை முடுக்கினால் வேலை முடிந்தது என்று ஹாட் ராட் பட ஆல்பங்களைப் பார்த்தால் தோன்றும். அங்கேதான் கெட்டிக்காரனும் கோமாளியும் பிரிந்தார்கள்.

முதல் கேள்வி அளவு. 1940களின் இறுதியில் ஃபோர்டு வி-8 மீது இந்தப் பிளோயரை முதலில் வைத்தவராகப் பலரும் சொல்வது பார்னி நவாரோவை. அவர் எடுத்தது 6-71 அல்ல, பாதி நீளமுள்ள 3-71. தன் எஞ்சினுக்கு அதுவே தாராளம் என்று அவருக்குக் கணக்குத் தெரிந்திருந்தது. பெட்டியின் மேல் பொறித்த எண் அது எந்த டீசலிலிருந்து வந்தது என்பதைத்தான் சொல்லும். எந்தக் காருக்குப் பொருந்தும் என்று சொல்லாது. நம் வாசகரின் அம்பாசடர் 1,489 சிசி பெட்ரோல் வண்டி என்றால், ஒரு சுற்றுக்கு அது விழுங்குவது முக்கால் லிட்டர். 6-71 கொட்டுவது அதைப்போல் ஒன்பது மடங்கு. எஞ்சின் பிழைக்காது. பிழைத்தாலும் சட்டம் விடாது: தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது, 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

இரண்டாவது கேள்வி சீல். டீசலுக்குக் காற்றுவழியை மூடித் திறக்கும் த்ராட்டில் தகடு கிடையாது. பிளோயருக்குள் எப்போதும் வெளிக்காற்று அழுத்தமோ அதற்கு மேலோ இருக்கும். பெட்ரோல் காரில் கார்புரேட்டர் பிளோயருக்கு மேலே உட்காருகிறது. ஓட்டுநர் ஆக்சிலேட்டரை விட்டதும் த்ராட்டில் மூடுகிறது, பிளோயர் வயிற்றில் வெற்றிடம் உண்டாகிறது, அது பிளோயர் கியர்களின் எண்ணெயைச் சீலைத் தாண்டி உறிஞ்சுகிறது. பின்னால் வருபவருக்கு நீலப் புகை. வெளித்தள்ளும் அழுத்தத்தை மட்டும் தாங்கப் பழகிய சீலை எடுத்துவிட்டு இருபக்கமும் தாங்கும் சீலைப் போட வேண்டியிருந்தது.

மூன்றாவது கேள்வி இடைவெளி. டீசலில் பெட்டி பார்த்ததைவிட அதிகச் சூடு இங்கே. அலுமினியச் சுழலி சூட்டில் விரியும். அங்குலத்தில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் விட்ட இடைவெளி அடைந்து, உலோகத்தோடு உலோகம் உரசும். இதழ்களைச் சற்றுச் சீவி இடைவெளியைக் கூட்டினால் கசிவு கூடும். எவ்வளவு சீவுவது என்பது ஒவ்வொரு பட்டறையின் தொழில் ரகசியம். வி-பெல்ட்டுகள் வழுக்கிய தொல்லை, பல்வைத்த அகலப் பெல்ட் வந்தபின் தீர்ந்தது.

சூட்டைச் சமாளிக்க அவர்கள் கண்ட வழி அழகானது. கார்புரேட்டர் மேலே இருப்பதால் எரிபொருளும் காற்றோடு சேர்ந்தே பிளோயருக்குள் போகிறது. போகும் வழியில் ஆவியாகி வெப்பத்தைத் தின்கிறது. பெட்ரோல் ஒரு கிலோ ஆவியாகக் கிட்டத்தட்ட 350 கிலோஜூல் எடுக்கும், மெத்தனால் 1,100. அதோடு ஒரு கிலோ காற்றை எரிக்கப் பெட்ரோலைவிட மெத்தனால் இரண்டு மடங்குக்கும் மேல் ஊற்ற வேண்டும். இரண்டையும் பெருக்கினால், அதே காற்றை மெத்தனால் ஏழு மடங்கு அதிகமாகக் குளிர்விக்க வல்லது. ஈரமான துளிகள் இதழ்களின் இடுக்கை நனைத்துக் கசிவையும் குறைக்கின்றன. பந்தய ஓட்டிகள் மெத்தனாலைத் தேடிப் போனதற்கு 'எரிசக்தி அதிகம்' என்று காரணம் சொல்பவர்களை நம்ப வேண்டாம். கிலோவுக்குக் கணக்கிட்டால் பெட்ரோலின் பாதி எரிசக்திதான் அதில் உண்டு. சரக்கு குளிர்ச்சியில் இருக்கிறது.

இதற்கும் விலை உண்டு. பிளோயரும் மேனிஃபோல்டும் முழுக்க எரியத் தயாரான கலவை. ஒரு இன்டேக் வால்வு சரியாக மூடாமல் தீ பின்னோக்கி வந்தால் பெட்டியே வெடித்துப் பறக்கும். அதனால்தான் இழுவைப் பந்தயக் கார்களில் பிளோயரைப் பட்டைகளால் கட்டி வைக்கிறார்கள், வெடித்தால் முதலில் கிழியட்டும் என்று ஒரு தகட்டையும் பொருத்துகிறார்கள். படங்களில் கம்பீரமாகத் தெரியும் அந்தப் பட்டை அலங்காரமல்ல, ஓட்டுநரின் தலை தப்புவதற்கு.

இன்று அமெரிக்காவின் உச்சப் பந்தயமான டாப் ஃப்யூயல் கார்களில், நைட்ரோமீத்தேன் குடிக்கும் 8.2 லிட்டர் எஞ்சின்மேல் உட்கார்ந்திருப்பதும் ரூட்ஸ் பெட்டிதான், 14-71 என்ற பெயரில். பதினான்கு சிலிண்டர் 71 டீசலை யாரும் செய்ததே இல்லை. பேருந்து போய்விட்டது, எண் மட்டும் தங்கிவிட்டது. புத்தம்புதிதாக வார்த்து, பளபளவென்று மெருகேற்றி, கேட்லாக்கில் விற்கும் 6-71 பெட்டிகள் பல, டீசல் எஞ்சினின் முகத்தையே பார்த்ததில்லை. அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அதை வாங்கி மாட்டுவதைக் 'கைச்செலவுக் கார்' என்று விளம்பரப்படுத்துவது கொஞ்சம் கூச்சமான காரியம். பழைய ஆட்களின் திறமை பெட்டியில் இருக்கவில்லை. புகைபோக்கும் கருவி என்று எழுதியிருந்த ஒன்றைப் பார்த்து, 'இது சுற்றுக்கு இத்தனை லிட்டர் காற்றைக் கடத்தும், என் எஞ்சின் இத்தனை லிட்டர் விழுங்கும்' என்று வகுத்துப் பார்த்ததில் இருந்தது.

அந்த வகுத்தல் இன்று இணையத்தில் விற்கும் 'எலக்ட்ரிக் சூப்பர்சார்ஜர்' என்ற பிளாஸ்டிக் விசிறிகளுக்கும் பயன்படும். ஏர் ஃபில்டர் குழாயில் சொருகினால் போதும், சிகரெட் லைட்டர் துளையிலிருந்து மின்சாரம், திறன் எகிறும் என்கிறார்கள். 1.2 லிட்டர் சின்னக் கார் நிமிடத்துக்கு 6,000 சுற்றில் விநாடிக்கு 60 லிட்டர் காற்றை விழுங்கும். அங்கே வெளிக்காற்றைவிட ஒன்றரை மடங்கு அழுத்தம் நிற்க வேண்டுமென்றால், எவ்வளவு உத்தமமான அமுக்கியாக இருந்தாலும் மூன்றரை கிலோவாட் செலவாகும். கிணற்று நீரை இறைக்கும் ஐந்து எச்.பி. மோட்டாரின் திறன் ஏறத்தாழ அது. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுத்தால் 290 ஆம்பியர். லைட்டர் துளையின் ஃப்யூஸ் பத்து, இருபது ஆம்பியரிலேயே போய்விடும். மின்சாரத்தில் உண்மையாகவே அமுக்கும் கருவியை ஆடி நிறுவனம் 2016இல் எஸ்க்யூ7 டீசல் காரில் வைத்தது. 7 கிலோவாட் தேவைப்பட்ட அந்தக் கருவிக்குக் காரில் தனியாக 48 வோல்ட் மின்சுற்று ஒன்றை அமைக்க வேண்டியிருந்தது. விசிறி விற்பவரிடம் எத்தனை குதிரைத்திறன் கூடும் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்று கேட்டுப் பாருங்கள்.